காரணம் கேட்கும் உரிமை

மூணாற்றிலிருந்து அடிமாலி நோக்கி இறங்கும் மலைச்சாலையில் பள்ளிவாசல் என்றோர் ஊர் உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940ஆம் ஆண்டில் அங்கேதான் இயங்கத் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களில் உழைப்பதற்காக மலையேறிய தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அதே மலைத்தொடரில் தெற்கே சென்றால், குமுளிக்கு அருகே, தமிழகமும் கேரளமும் சந்திக்கும் எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியன்று மட்டுமே அன்பர்கள் அங்குச் சென்று வழிபட அனுமதிக்கப்படுகின்றனர்.

கண்ணகியின் கதை நமக்குப் புதிதன்று. அரசியின் சிலம்பு களவு போயிற்று. அயலூரிலிருந்து வந்த ஒருவன் கையில் ஒரு சிலம்பு இருந்தது. பொற்கொல்லனின் சொல்லையே சான்றாகக் கொண்டு, பாண்டியன் கொலைத் தண்டனை விதித்தான். களவைத் தண்டிக்க எண்ணியது மன்னனின் பிழையன்று. அது அவனுடைய கடமை. விசாரியாமல் தண்டித்ததே பிழை. அரசவையில் கோவலனுக்காகப் பேச அன்று ஒருவரும் இல்லை. கண்ணகி வந்து காரணம் கேட்டபோது காலம் கடந்துவிட்டது.

நாட்டின் பாதுகாப்பும் தனிமனிதனின் சுதந்திரமும் எவ்வாறு இணைந்து நிற்பது என்னும் வினா, இந்தக் காலத்தில் பயங்கரவாதத்தை முன்னிட்டு மீண்டும் மீண்டும் எழுகிறது. பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. மொழி தெரியாத நகரத்தில் சந்தேகத்தின் பேரில் பிடிபடும் ஒருவனுக்கு நற்சான்று கூறுவார் சிலரே. ஆகையால் இதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் வைக்கும் அதிகாரம் நம் நாட்டில் நெடுநாளாக இருந்து வருவது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1818இல் வங்காளத்திலும் அதற்கு அடுத்த ஆண்டில் சென்னையிலும் இதற்கென ஒழுங்குவிதிகள் இயற்றினர். 1919ஆம் ஆண்டின் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடே கொந்தளித்தது. ஆயினும், அந்தச் சட்டங்களால் சிறை கண்ட தலைவர்களே ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது, அத்தகைய அதிகாரத்தை முற்றிலும் கைவிட இயலவில்லை. பிரிவினையின் இரத்தக் களரி, காஷ்மீரப் போர், தெலுங்கானாவின் ஆயுதக் கிளர்ச்சி ஆகியவை அவர்கள் கண்முன் நின்றன. ஆகவே அரசியல் சாசனத்தின் 22ஆம் விதி தடுப்புக்காவலை அனுமதித்து, அதற்குச் சில வேலிகளையும் இட்டது. சிறைப்பட்டவருக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். தம் மறுப்பை அவர் எழுதிக்கொடுக்க வாய்ப்பளிக்க வேண்டும். காவல் நீடிக்குமாயின் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும்.

சாசனம் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம் முடிவதற்குள், 1950 பிப்ரவரியில், தடுப்புக்காவல் சட்டம் நிறைவேறியது. மலபாரின் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் 1947 டிசம்பர் முதலே காவலில் இருந்தார். இந்தப் புதிய சட்டத்தின்கீழ் ஓர் ஆணை, 1950 மார்ச் 1ஆம் நாள் சிறையிலேயே அவருக்கு வழங்கப்பட்டது. மலபாரும் அதன் பகுதியாகிய பாலக்காடும் அப்போது சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தவை. எனவே அவர் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, 'கோபாலன் எதிர் சென்னை ராஜ்யம்' என்றே வரலாற்றில் நிலைத்தது. பிற்காலத்தில், 1971இல், பாலக்காட்டு மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர்.

அவ்வழக்கு ஒரு சொற்றொடரின் பொருளைப் பற்றியது. உயிரையும் சுதந்திரத்தையும் 'சட்டம் வகுத்த நடைமுறை'ப்படி அன்றிப் பறிக்கலாகாது என்கிறது சாசனத்தின் 21ஆம் விதி. அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்று கோபாலனுக்காக எம். கே. நம்பியார் வாதாடினார். சட்டமன்றம் முறைப்படி இயற்றிய நடைமுறையே போதும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் 1950 மே 19இல் தீர்ப்பளித்தனர். நீதிபதி பஸல் அலி மாறுபட்டு நின்றார். நாள்தோறும் ஆவணங்களை மொழிபெயர்க்கும் என்போன்றோருக்கு இது ஒரு பாடம். ஒரு சொல்லுக்குக் குறுகிய பொருள் கொள்வதா, விரிந்த பொருள் கொள்வதா என்பதில் ஒரு மனிதனின் சிறைவாசமே அடங்கியிருக்கக் கூடும்.

கோபாலன் தோற்றார். எனினும் அந்தத் தோல்வியில் ஒரு வெற்றி கலந்திருந்தது. சிறைப்படுத்தியதன் காரணத்தை நீதிமன்றத்திலும் வெளியிடலாகாது என்று அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு தடுத்திருந்தது. அந்தப் பிரிவு செல்லாது என்பதில் ஆறு நீதிபதிகளும் ஒருமனப்பட்டனர். காவலில் வைக்கும் அதிகாரம் அரசிடமே நின்றது. ஆனால் காரணத்தை நீதிபதியின் கண்ணுக்கு மறைக்கும் அதிகாரம் அன்றோடு போயிற்று.

காரணம் சொல்வதென்றால் எந்த மொழியில் சொல்வது? 1962இல் இவ்வினாவும் எழுந்தது. மகாராஷ்டிரத்தில் ஹரிகிஷன் என்பவருக்குக் காவல் ஆணை ஆங்கிலத்தில் தரப்பட்டது. அவர் ஆங்கிலம் அறியாதவர். இந்தி மொழிபெயர்ப்பு வேண்டினார். அதிகாரி வாய்மொழியாக விளக்கியதே போதும் என்றது அரசு. உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. புரியாத மொழியில் தந்த காரணம், காரணம் தந்ததாகாது என்று கொண்டு அவரை விடுவித்தது. வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர் ஒவ்வொருவரும் நினைவில் வைக்கத் தக்க தீர்ப்பு இது.

நீதிமன்றத்தின் கதவு முற்றிலும் அடைபட்ட காலமும் உண்டு. 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அது நீடிக்கும்வரை, காவலில் உள்ளவர் ஆட்கொணர்வு மனுவின் மூலம் நீதிமன்றத்தை நாட இயலாது என்று 1976 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் கூறினர்; எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். அதற்கு முந்திய மாதத்தில், கேரளத்தின் கோழிக்கோட்டில், ராஜன் என்னும் பொறியியல் மாணவரைப் போலீசார் அழைத்துச் சென்றிருந்தனர். அவருடைய தந்தை ஈச்சர வாரியர் அலுவலகந்தோறும் அலைந்தார்; விடை கிடைக்கவில்லை. நெருக்கடி நிலை நீங்கிய 1977இல், கேரள உயர் நீதிமன்றத்தில் அவர் ஆட்கொணர்வு மனு அளித்தார். மகன் காவலிலேயே இறந்த செய்தி அதன் பின்னரே வெளிப்பட்டது, முதலமைச்சர் கே. கருணாகரன் பதவி விலகினார். கண்ணகியைப் போலவே இந்தத் தந்தைக்கும் விடை காலம் கடந்தே வந்தது. உயிர்க்கும் சுதந்திரத்துக்குமான உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க இயலாதவாறு 1978இல் சாசனம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை நியாயமாகவும் இருத்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நம்பியாரின் வாதம் 28 ஆண்டுகளுக்குப் பின் வென்றது.

இவ்வளவும் பாதுகாப்பைத் தளர்த்தும் செயல் அல்லவா என்று சிலர் கேட்கலாம். தமிழ் மண்ணில் நேர்ந்த ஒரு கொடுமையே இதற்கு விடை தரும். 1991 மே 21ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். அவரோடு பிறரும் மாண்டனர். 'தடா' எனப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் விசாரித்த தனி நீதிமன்றம், 1998 ஜனவரியில், 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொருவர் மீதும் இருந்த சான்றைத் தனித்தனியே ஆராய்ந்தது. 'தடா' சட்டப்படியான குற்றம் நிறுவப்படவில்லை என்று கண்டது. கொலைச் சதிக் குற்றத்திலிருந்து 19 பேரை விடுவித்தது; நால்வரின் மரண தண்டனையை அப்போது உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்த ஆராய்ச்சி நிகழாதிருந்தால், கொலைக் குற்றம் நிறுவப்படாத 19 பேர் தூக்குமேடை ஏறியிருப்பர். அதனால் நாட்டின் பாதுகாப்பு ஓர் அணுவும் கூடியிராது.

'தடா' 1995இல் காலாவதியாயிற்று. 2002இல் வந்த 'பொடா' 2004இல் நீக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் திருத்தங்களால் வலுவேறி, இன்று அவற்றின் இடத்தில் நிற்கிறது. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதன்கீழ் ஜாமீன் பெறுவது அரிது. 2010இல், இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழையில் பணியாற்றிய கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் கை, மூவாற்றுப்புழையில் வெட்டப்பட்டது. அந்தக் கொடுஞ்செயல் தொடர்பான வழக்கில் ஒருவர் ஐந்தாண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே இருந்தார். வழக்கு விரைந்து முடியும் வாய்ப்பு இல்லாதபோது, அச்சட்டத்தின் தடையையும் மீறி நீதிமன்றம் ஜாமீன் வழங்கலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குண்டு வைப்பவனைப் பிடிக்க அரசுக்கு வலிமை வேண்டும், அதில் ஐயமில்லை. பிடிபட்டவன் குண்டு வைத்தவன்தானா என்று அறிய, காரணம் கேட்கும் ஒருவர் வேண்டும். அவர் நீதிபதியாக இருக்கலாம், வழக்கறிஞராக இருக்கலாம், மகனைத் தேடி அலையும் தந்தையாகவும் இருக்கலாம். அவ்வாறு கேட்பவரின் சொல்லுக்குச் செவிசாய்ப்பதால் அரசு மெலிந்துவிடாது. சித்திரை நிலவில் மங்கலதேவி மலையேறும் மக்கள், நெறி தவறிய மன்னனிடம் அன்று காரணம் கேட்ட ஒரு பெண்ணையே இன்றும் தெய்வமாக வணங்குகின்றனர்.