டார்ஜிலிங் மலை ரயிலில் மணல் தூவியவர்கள்

டார்ஜிலிங் இமாலய ரயிலின் பழைய புகைப்படங்களில் எஞ்சினின் முன்முனையில், ஒரு பலகையளவு இடத்தில், இருவர் அமர்ந்திருப்பதைக் காணலாம். மலைக்காட்சியின் ஒரு பகுதி என்பதாகவே பார்வையாளர் கண் அவர்களைக் கடந்துவிடுகிறது. உண்மையில் அவ்விருவரும் அந்த ரயிலின் பாதுகாப்பு ஏற்பாட்டின் உறுப்பினர். தண்டவாளம் ஈரமாகும் இடங்களில் கையால் மணல் தூவுவது அவர்தம் பணி.

கிழக்கு வங்க ரயில்வேயின் ஏஜென்ட் பிராங்ளின் பிரஸ்டேஜ் 1878-இல் முன்வைத்த திட்டம் 1881-இல் டார்ஜிலிங்கை எட்டியது. இரண்டடி அகலப் பாதை. சமவெளியிலுள்ள சிலிகுரியிலிருந்து 2,258 மீட்டர் உயரத்துக் கூம் நிலையம்வரை பற்சக்கரத்தின் துணையின்றி ஏறுகிறது. பின்னாளில் அமைந்த நீலகிரிப் பாதையில் 12.5 அடிக்கு ஓரடி ஏற்றம். அங்குப் பற்சட்டம் தவிர்க்க இயலாததாயிற்று. டார்ஜிலிங்கில் வளையங்களும், முன்னும் பின்னுமாக நகர்ந்து ஏறும் ‘இசட்’ திருப்பங்களும் சரிவைத் தணித்தன. தணித்த பின்னரும் 25 அடிக்கு ஓரடி என்னும் அளவிலான சரிவுகள் எஞ்சின. வண்டியின் பாரம் முழுவதும், இரும்புத் தண்டவாளத்தை இரும்புச் சக்கரம் பற்றும் பிடியை நம்பியே நின்றது.

அப்பிடி நிலையற்றது. பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். மூடுபனியும் தூறலுமே கொடியவை. படிந்திருக்கும் தூசி, துரு, இலைச்சாறு ஆகியவற்றை அவை மெல்லிய குழம்பாக்கிவிடும். ஏறும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றால் வண்டி நிற்கும், அவ்வளவே. இறங்கும்போது நிகழ்வது வேறு. பிரேக் இறுகிச் சக்கரம் பூட்டிக்கொண்டால் அது உருளாமல் வழுக்கும். வழுக்கும் சக்கரத்துக்குப் பிடி மேலும் குறையும். அந்நிலையில் பிரேக்கை இன்னும் இறுக்குவதால் பயனில்லை. பெட்டிகளில் பிரேக்மேன்கள் விசில் ஒலிக்கேற்பக் கைப்பிரேக்கைத் திருகினர்; அவர்தம் உழைப்பும் தண்டவாளத்தின் பிடி உள்ளவரை மட்டுமே பயன்பட்டது.

இங்கிலாந்தின் டெர்பியில், மிட்லண்ட் ரயில்வே பணிமனையைச் சேர்ந்த பிரான்சிஸ் ஹோல்ட் 1886-இல், நீராவியின் விசையால் சக்கரத்தின் அடியிலேயே மணலைச் செலுத்தும் முறையை வகுத்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1889-இல், ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனத்தின் ‘பி’ வகை எஞ்சின்கள் டார்ஜிலிங் பாதைக்கு வரத் தொடங்கின. நான்கு சக்கரங்களும் இயங்குபவை. எடை முழுவதும் பிடிக்கே உதவியது. எனினும் மணல் கையாலேயே தூவப்பட்டது. இதனைப் பின்தங்கிய நிலை என்று ஒதுக்குவது அவசரத் தீர்ப்பாகும். ஈரக்காற்றில் மணல் கட்டிபட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். எந்த வளைவில் நிழல் விலகாது, எங்குச் சாலைச் சேறு தண்டவாளத்தில் ஏறியிருக்கும் என்பதைக் குழாய் அறியாது. மணல் மிகுந்தாலும் தீங்கே: சக்கரமும் தண்டவாளமும் தேயும், இழுவைச் சுமையும் கூடும். ஆகவே அளவறிந்து தூவுவது கற்றுத் தேர வேண்டிய தொழிலாக இருந்தது. மழையிலும் குளிரிலும், கொதிகலனுக்கு முன்னால், பிடிமானம் குறைந்த இருக்கையிலிருந்து செய்ய வேண்டிய தொழில்.

1999-இல் இப்பாதை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பிரஸ்டேஜின் பெயர் ஏறக்குறைய எல்லா வரலாறுகளிலும் உண்டு. மணல் தூவியோர் பெரும்பாலும் படங்களில்தான் இருக்கின்றனர், படக்குறிப்பில் பெயரின்றி.