விசை இங்கே, எழுத்து அங்கே

ஓலையும் எழுத்தாணியும் ஆட்சி செய்த காலத்தில், எழுதும் கையும் எழுத்தைத் தாங்கும் பரப்பும் ஓரிடத்திலேயே இருந்தன. எழுதுபவர் கீறியது எதுவோ, அதுவே எழுத்தாயிற்று. அறிவியல் வளர வளர, கையும் பரப்பும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. கை ஓரூரிலும் எழுத்து மற்றோரூரிலும் தோன்றும் நிலை வந்தது. அன்று பிறந்த வினா ஒன்று இன்றுவரை நம்மைத் தொடர்ந்து வருகிறது. இங்கே அழுத்தப்படும் விசை எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதை முடிவு செய்பவர் யார்? இக்கரையில் இருப்பவரா, அக்கரையில் உள்ள பொறியா? தொலைவிலுள்ள கணினியை வீட்டிலிருந்தே இயக்கும் இந்நாளில், தமிழ் கற்பிப்போரும் கற்போரும் எண்ணிப்பார்க்க வேண்டிய வினா இது. இதன் வரலாற்றைப் பினாங்குக் கடற்கரையிலிருந்தே தொடங்கலாம்.

ஆறுகளால் சூழப்பட்ட பத்து காவான், 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களால் பெயர் பெற்றது. அன்று புரொவின்ஸ் வெல்லெஸ்லி என்று வழங்கிய அப்பகுதியின் தோட்டங்களுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1910ஆம் ஆண்டில்தான் மலாயாவில் அம்முறை ஒழிந்தது. ஊரையும் உறவையும் பிரிந்து வந்தவர்க்குச் செய்தி என்பது கப்பலில் வரும் கடிதமே. அக்காலத்தில்தான், 1870-71ஆம் ஆண்டுகளில், சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. வாரக்கணக்கில் கடலைக் கடந்த செய்தி, அதன் பின்னர் மிக விரைவாகக் கரை சேர்ந்தது.

ஆயினும் அந்தக் கம்பிக்குத் தமிழ் தெரியாது. மோர்ஸ் குறியீட்டின் புள்ளியும் கோடும் உரோமன் எழுத்துகளுக்காக வகுக்கப்பட்டவை. தமிழர் தம் செய்தியை ஆங்கிலத்தில் மாற்றியோ, உரோமன் எழுத்தில் தமிழை எழுதியோ அனுப்ப வேண்டியிருந்தது. அவ்வெழுத்தில் கலம், களம், காலம் ஆகிய மூன்றும் ஒரே தோற்றம் கொள்ளும். அனுப்புபவரின் கருத்தைப் பெறுபவர் ஊகித்தே உணர வேண்டும். கருவி கடலைத் தாண்டியது, எழுத்து தாண்டவில்லை. கையெழுத்தின் அசைவையே கம்பி வழியாகக் கடத்தி, மறுமுனையில் ஒரு பேனாவை அவ்வாறே எழுதச் செய்யும் பொறிக்கு அமெரிக்கரான எலிஷா கிரே 1888ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். எந்த மொழிக்கும் ஏற்ற அப்பொறி, தந்தியைப் போல் உலகெங்கும் பரவவில்லை.

தமிழ் எழுத்தை விசையில் ஏற்றிய பெருமை, யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டில் பிறந்து, பிழைப்பு நாடி மலாயா, சிங்கப்பூர் பகுதிக்கு வந்து பணியாற்றிய ஆர். முத்தையாவைச் சாரும். 247 எழுத்துகளை ஏறத்தாழ ஐம்பது விசைகளுக்குள் அடக்குவது எளிய செயலன்று. உயிர்மெய்களைத் தனித்தனியே வைக்காமல் அவற்றின் உறுப்புகளைப் பிரித்து வைத்தார் அவர். அழுத்தினாலும் தாள்தாங்கி நகராமல் நிற்கும் விசைகளைக் கொண்டு புள்ளியையும் சில குறிகளையும் எழுத்தின் தலைமேல் அமர்த்தும் வழி கண்டார். ஜெர்மனியில் செய்யப்பட்ட பிஜோ தட்டச்சுப்பொறி அவர் அமைப்பைத் தாங்கி வந்தது. அப்பொறியில் விசையும் எழுத்தும் ஒரே இரும்புக் கம்பியின் இரு முனைகள். ஆதலால் ஐயத்திற்கு அங்கே இடமில்லை.

கணினி வந்தபோது அந்த இரும்புப் பிணைப்பு அறுந்தது. கணினியின் விசை எழுத்தை அனுப்புவதில்லை; தன் இடத்தைக் குறிக்கும் ஓர் எண்ணையே அனுப்புகிறது. அவ்வெண்ணை எழுத்தாக்குவது கணினியின் உள்ளிருக்கும் மென்பொருள். ஆங்கிலத்தில் 'ஏ' என்று பொறித்த விசையை எடுத்துக்கொள்வோம். பழைய தட்டச்சு முறைப்படி அது யகரம். தமிழ் 99 முறைப்படி அது அகரம். விசை ஒன்று, எழுத்து வேறு. இந்நிலையில் மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் முரசு அஞ்சல் என்னும் மென்பொருளை உருவாக்கினார். 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாக, உயிரெழுத்துகளை இடக்கையிலும் மெய்களை வலக்கையிலும் வைத்த தமிழ் 99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. பல நாட்டுத் தமிழர் கூடி, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று உடன்பட முயன்ற வரலாறே அது.

இதற்கிடையில் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் முறையும் மாறிற்று. 1996ஆம் ஆண்டு சனவரியில் யூ.எஸ்.பி. என்னும் பொது இணைப்பு முறை வெளியாயிற்று. அதனை வகுத்த ஏழு நிறுவனங்களுள் இன்டெல் முதன்மையானது. அந்நிறுவனத்தின் பொறியாளரான அஜய் பட் குசராத்தின் வடோதராவில் பிறந்தவர். அதே இன்டெல், 1972ஆம் ஆண்டிலேயே பினாங்கில் தன் ஆலையைத் தொடங்கியிருந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. யூ.எஸ்.பி.யின் சிறப்பு, செருகிய உடனே கருவி தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்வதாகும். 'யான் விசைப்பலகை', 'யான் சுட்டி', 'யான் எழுதுபலகை' என்று அது கூற, கணினி அதற்கேற்ப நடந்துகொள்கிறது.

அந்த அறிமுகம் பக்கத்திலுள்ள கணினிக்கே உரியது. தொலைவில் உள்ள கணினியை இயக்கும்போது இடர் தோன்றுகிறது. 1998ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் தன் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பின் வழி அளித்த முறை, விசையின் இட எண்ணையே பெரும்பாலும் அப்பால் அனுப்புகிறது. எண்ணை எழுத்தாக்கும் பொறுப்பு அக்கரைக் கணினிக்கு உரியது. இங்கு வழங்கும் விசை அமைப்பு அங்கும் இருந்தால் தமிழ் தோன்றும். இல்லையேல் அகரம் ஆங்கில எழுத்தாகிவிடும். கேம்பிரிட்ஜில் உருவான வி.என்.சி. என்னும் முறையோ இட எண்ணை விடுத்து, எழுத்தின் அடையாள எண்ணை அனுப்புகிறது. முன்னதில் அக்கரைக்கு அதிகாரம், பின்னதில் இக்கரைக்கு. எனினும் ஒரு கரை மட்டும் அறிந்திருத்தல் எம்முறையிலும் போதாது.

விசைப்பலகைக்கே இப்பாடு என்றால், தனிப்பணிக்கென அமைந்த கருவிகளின் நிலை இன்னும் கடினம். பேனாவின் அழுத்தத்தை அளக்கும் எழுதுபலகையைச் சாதாரணத் தொலை இணைப்பில் பயன்படுத்தினால், பேனா சுட்டியாகச் சுருங்கி, அழுத்த வேறுபாடு மறைந்துபோகலாம். இதற்குத் தீர்வாக, கருவி பேசும் யூ.எஸ்.பி. செய்திகளை மாற்றாமல் அப்படியே அக்கரைக்குக் கடத்தும் முறை உருவாயிற்று. விண்டோசில் 2011ஆம் ஆண்டு வெளியீட்டின் வழி இவ்வசதி பரவலாயிற்று. அக்கரைக் கணினி, அக்கருவி தன்மீதே செருகப்பட்டதாக எண்ணிக்கொள்கிறது. ஆனால் அங்கே அதற்குரிய இயக்கி மென்பொருள் இருத்தல் வேண்டும். இணைப்பில் தாமதமும் குறைந்திருத்தல் வேண்டும்.

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் கருவி இதற்குத் தக்க சான்று. 1926ஆம் ஆண்டில் மலாக்காவில் தொடங்கி 1931இல் பினாங்கிற்கு இடம்பெயர்ந்த செயின்ட் நிக்கலஸ் இல்லம், பார்வையற்றோர் கல்விக்கு இம்மாநிலத்தில் அடித்தளமிட்டது. 1951ஆம் ஆண்டில் இந்திய மொழிகளுக்குப் பொதுவாகப் பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. அதன்படி 1, 2, 3, 5, 6 ஆகிய புள்ளிகள் சேர்ந்தால் அது தமிழின் சிறப்பெழுத்தாகிய ழகரம். ஆங்கிலப் பிரெயிலிலோ அதே புள்ளிகள் 'ஆஃப்' என்னும் சொல்லைக் குறிக்கும். தொலைவிலுள்ள கணினி தமிழ் முறையை அறியாவிடில், கருவி பழுதின்றி இருந்தும், விரலுக்குக் கிடைப்பது தமிழன்று. கண்ணுடையோர் திரையைப் பார்த்துப் பிழையை உணர்வர். விரலையே கண்ணாகக் கொண்டவர்க்கு அது கல்வியின் கதவை அடைப்பதாகும்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிகள் மூடப்பட்டபோது, தொலைவு என்பது ஒவ்வொரு வீட்டின் சிக்கலாயிற்று. அன்று கருவி வாங்குவதே பெருங்கவலை. கருவி இருந்தால் போதும் என்று கருதுவோர் இன்றும் உளர். தந்தி முதல் யூ.எஸ்.பி. வரையிலான வரலாறு கற்பிப்பதோ வேறு. கம்பி இருந்தும் தமிழ் செல்லாத காலம் உண்டு. இரு முனையிலும் ஓர் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே தமிழ் சென்றது.

2014ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அதன் ஒரு முனை தீவின் பத்து மாவுங். மறுமுனை, கரும்புத் தோட்டங்கள் இருந்த பத்து காவான். இன்று அங்கே மின்னணு ஆலைகள் எழுந்துள்ளன. ஒரு கரையில் மட்டும் நிற்கும் பாலம் உலகில் இல்லை. தமிழாசிரியர்கள் தம் பள்ளிக் கணினிகளிலும், தொலைவிலிருந்து பயன்படுத்தும் கணினிகளிலும் தமிழ் விசைப்பலகையும் தமிழ்ப் பிரெயிலும் உள்ளனவா என்று கேட்டு அமைத்துக்கொள்வார்களாயின், மாணவர் இங்கே அழுத்தும் அகரம் அங்கேயும் அகரமாகவே தோன்றும்.