யாரால்? – ஜொகூர்ச் சாசனமும் செயப்பாட்டு வினையும்

ஜொகூர் நாட்டின் சுல்தான் அபு பக்கர் 1895ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் தம் நாட்டிற்கு ஓர் அரசியற் சாசனத்தை வழங்கினார். மலாய் நாடுகளில் எழுத்தில் அமைந்த முதற் சாசனம் என வரலாற்றாசிரியர் கொள்வது இதனையே. அவ்வாண்டு சூன் 4ஆம் நாள் இலண்டன் மாநகரில் சுல்தான் காலமானார். அவர் வழங்கிய சாசனமோ நிலைபெற்றது.

அச்சாசனத்தின் 57ஆம் விதி சமயத்தைப் பற்றியது. இஸ்லாம் நாட்டுச் சமயமாக என்றென்றும் ஏற்கப்பட வேண்டும்; வேறெந்தச் சமயமும் நாட்டுச் சமயமாக ஆக்கப்படக் கூடாது; எனினும், ஏனைய சமயங்கள் யாவும் அமைதியோடு கைக்கொள்ளப்பட இடந்தரப்படும் என்பது அதன் சாரம். 'பட வேண்டும்', 'படக் கூடாது', 'படும்' என ஒரே விதிக்குள் மூவகை முடிபுகள் வந்து நிற்கின்றன. ஏற்க வேண்டியவர் யார், இடந்தருபவர் யார் என்னும் வினாக்களுக்கு அச்சொற்றொடரில் விடை இல்லை. எழுவாய் நிற்கும் இடத்தில் சமயம் நிற்கிறது, செய்வோன் மறைந்திருக்கிறான்.

ஆயினும் அவ்விடம் தமிழருக்குப் பயன் தந்தது. ஜொகூர் பாருவில் 1911ஆம் ஆண்டு எழுந்த மாரியம்மன் ஆலயத்திற்கு நிலம் அளித்தவர் அபு பக்கரின் மைந்தர் சுல்தான் இபுராகீம். அதன் நினைவாகவே அம்மனின் பெயர்முன் 'ராஜ' என்னும் அடை சேர்ந்தது என்பர். சாசனம் சொல்லாது விட்ட செய்வோனை ஆலயத்தின் பெயர் சொல்லிவிடுகிறது.

மூன்று மொழிகளின் அமைப்பு

ஆங்கிலத்தில் இவ்வமைப்புக்கு உறுப்புகள் மூன்று. முதலில் 'ஷல்', 'மே', 'மஸ்ட்', 'கேன்' போன்ற துணைவினை. அடுத்து 'பீ' என்னும் மாறா உருவம். இறுதியில் முதல்வினையின் இறந்தகால எச்சம். எழுவாய் ஒருமையாயினும் பன்மையாயினும் இவ்வுருவம் திரிவதில்லை. செய்வோனைக் கூற வேண்டின் 'பை' என்னும் சொல்லைச் சேர்த்துப் பின்னே கூறலாம். கூறாவிடினும் வாக்கியம் குறைவுறாது. மலாய்மொழியில் 'ஹெண்டக்லா', 'போலே' என்னும் துணைச்சொற்கள் முன்னே நிற்க, 'டி' என்னும் ஒட்டு வினையின் தலையில் சேர்கிறது. தமிழிலோ வரிசை தலைகீழாகிறது. 'திறக்கப்பட வேண்டும்' என்பதில் முதல்வினை முன்னும், 'படு' இடையிலும், துணைவினை கடையிலும் நிற்கின்றன.

செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறும் வழக்கைத் தொல்காப்பியரே ஏற்றுக்கொண்டார். ஆனால், திராவிட மொழிகளுக்கு உண்மையான செயப்பாட்டுவினை இல்லை என்றும், 'படு' என்பது துன்புறுதலைக் குறிக்கும் தனிவினையே என்றும் 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல் கருதினார். தமிழரின் அன்றாடப் பேச்சும் அவர் கருத்துக்கு ஓரளவு துணைசெய்கிறது. 'கதவு மூடப்பட வேண்டும்' என்று வீட்டில் எவரும் கூறுவதில்லை. 'கதவை மூட வேண்டும்' என்பதே வழக்கு. ஆகவே ஆங்கிலத்தில் 'பீ' வந்த இடந்தோறும் தமிழில் 'படு' வரவேண்டும் என்று மாணவரைப் பழக்குவது பொருந்தாது.

எனினும் இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 'கதவை மூட வேண்டும்' என்னும் செய்வினைத் தொடரிலும் மூடுபவர் யார் என்பது இல்லை. 'படு'வை நீக்கியதனாலேயே செய்வோன் வெளிப்பட்டுவிடுவதில்லை. 'யாரால்?' என்னும் வினா இரு தொடர்களுக்கும் பொதுவானது.

துணைவினையிலும் இடர்ப்பாடு உண்டு. ஆங்கிலத்தில் 'மே நாட் பீ' எனத் தொடங்கும் தொடருக்கு இருபொருள் உள. 'திறக்கப்படாமல் இருக்கலாம்' என்பது ஐயம். 'திறக்கப்படக் கூடாது' என்பது தடை. 'மஸ்ட் நாட் பீ' என்பது 'படக் கூடாது' ஆகும். 'நீட் நாட் பீ' என்பதோ 'பட வேண்டியதில்லை' ஆகும். இவற்றை மாற்றிப் பெயர்த்தால் தடை விலக்காகும், விலக்கு தடையாகும்.

சட்டத்தில் தமிழ்ப் பள்ளி

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1957இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு அரசியற் சட்டத்தின் 152ஆம் விதி மலாய்மொழியைத் தேசிய மொழியாக்கியது. அதனுடன், அரசாங்க அலுவல் நோக்கங்கள் ஒழிந்த பிறவற்றில் வேறு மொழியைப் பயன்படுத்துவதிலிருந்தோ, வேறு மொழியைக் கற்பிப்பதிலிருந்தோ கற்பதிலிருந்தோ எவரும் தடைசெய்யப்படக் கூடாது என்றும் கூறியது. மசாய், ரினி, கங்கார் பூலாய் முதலிய ஜொகூர்த் தமிழ்ப் பள்ளிகளும், நாட்டின் ஏனைய தமிழ்ப் பள்ளிகளும் சார்ந்து நிற்கும் விதி இது. ஆங்கில மூலத்தில் இது 'ஷல் பீ' என்னும் அமைப்பிலேயே உள்ளது. தடைசெய்ய முயல்வோர் யாராயினும் அவரை இது கட்டும் என்று கொள்ள இடமுண்டு. செய்வோனைப் பெயரிடாமையால் வரும் நன்மை அது.

அரசியற் சட்டத்தின் வரைவை வகுத்த ரீட் ஆணையத்தில் சர் ஐவர் ஜென்னிங்ஸ் ஓர் உறுப்பினர். இலங்கைச் சட்ட அமைப்பிலும் அவர் பங்கு பெரிது. அவ்விலங்கைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு செய்வினையில் அமைந்தது. ஒரு சமூகத்தார்மீது மட்டும் சுமையேற்றும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாது என அது செய்வோனைச் சுட்டியே விலக்கியது. அவ்வாறு இருந்தும், மலையகத் தமிழர் பல இலட்சம் பேர் குடியுரிமை இழக்கக் காரணமான 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை அப்பிரிவு தடுக்கவில்லை. அச்சட்டமும் அதையொட்டிய வாக்குரிமைத் திருத்தமும் செல்லும் என்று 1953இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1972ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் அப்பிரிவே இல்லாது போயிற்று. செய்வோனைப் பெயரிட்டு எழுதினால் மட்டும் காவல் கிடைத்துவிடாது என்பதற்கு இலங்கை சான்று.

மலாயாவில் தமிழ்ப் பள்ளிகளுக்கு நேர்ந்த கவலை வேறு வகையினது. 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 21ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவில், ஒரு தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளி தேசியப் பள்ளியாகத் தக்கவாறு மாற்றப்படலாம் என்று கல்வி அமைச்சர் மனநிறைவு கொண்டால், அவ்வாறே மாற அவர் ஆணையிடலாம் என்றது. இத்தொடரில் 'லாம்' இருமுறை வருகிறது. முன்னது செயப்பாட்டுவினை, பள்ளி மாற்றத்திற்கு ஏற்றதா என்னும் தகுதியைப் பேசுவது. பின்னது செய்வினை, அமைச்சரின் அதிகாரத்தைப் பேசுவது. முன்னதை மட்டும் படித்தவர்க்கு அது பொதுப்பட்ட கூற்றாகவே தோன்றும். இரண்டையும் சேர்த்துப் படித்தவரே, பள்ளியின் இருப்பு ஒருவரது மனநிறைவைப் பொறுத்தது என உணர்ந்து அஞ்சினர். 35 ஆண்டுகள் நிலவிய அவ்வச்சம் 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் அவ்வுட்பிரிவு இடம்பெறாமையால் குறைந்தது.

152ஆம் விதியின் சொற்களை நீதிமன்றங்களும் எடை போட்டன. சீனமொழியைப் பயிற்றுமொழியாகக் கொள்ள விரும்பிய மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில், உயர்நீதிமன்றம் 1981இல் ஒரு சிற்றுருபைச் சுட்டியது. விதி ஒரு மொழியைக் கற்பிப்பதைக் காக்கிறதேயன்றி, ஒரு மொழியில் கற்பிப்பதைக் காக்கவில்லை என்பது நீதிபதி அப்துல்காதரின் விளக்கம். தமிழில் சொன்னால், அது 'ஐ' உருபுக்கும் 'இல்' உருபுக்கும் இடையிலான வேறுபாடு. 1982இல் கூட்டரசு நீதிமன்றம் அவ்வழக்கின் முடிவை உறுதிசெய்தது. பின்னர்த் தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகளின் பயிற்றுமொழியை எதிர்த்து வழக்கு வந்தபோது, அம்மொழிகளில் அங்கே கற்பிப்பது அரசியற் சட்டத்திற்கு முரணன்று என உயர்நீதிமன்றம் 2021 திசம்பரில் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் அதனை ஏற்றது.

வகுப்பறையில் எழவேண்டிய வினா

ஜொகூர்த் தோட்டப் பள்ளிகளில் ஆறாண்டு பயின்று, புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து, இடைநிலைப்பள்ளி ஏகிய தலைமுறையினர் பலர். இவ்வமைப்பை அவர்கள் மும்மொழியிலும் கற்றனர். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக என்பது தேர்வுத்தாளில் வழக்கமான வினா. மாற்றிய மாணவன் மதிப்பெண் பெற்றான். மாறியபோது மறைந்தவர் யார் என்று அவனை எவரும் கேட்டதில்லை.

அதனைக் கேட்கும் பணி தமிழாசிரியருடையது. 'நிலம் வழங்கப்படும்', 'பள்ளி மாற்றப்படலாம்', 'எவரும் தடைசெய்யப்படக் கூடாது' என ஒரு தொடரைக் கரும்பலகையில் எழுதியவுடன், யாரால், எந்த நிபந்தனையில், யார் மனநிறைவின்பேரில் என மூன்று வினாக்களை மாணவர்முன் வைத்தால் போதும். இலக்கணம் கற்ற பிள்ளை நாளை தன் பள்ளிக்கு வரும் சுற்றறிக்கையையும் பொருளுணர்ந்து படிக்கும்.