எண் ஒன்று, உடல் ஒன்று

ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். பெற்றோர் நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்கள். பிள்ளைகளுக்குக் காது கேட்கவில்லை, பேச்சு வரவில்லை. கழுத்தில் கழலை. எக்ஸ்ரேயில் எலும்பு முனைகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. சாமுவேல் ரெஃபெட்டாஃப், லோரன் டிவிண்ட், லெஸ்லி டிக்ரூட் ஆகிய மூவரும் 1967இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இவர்களைப் பற்றி எழுதினார்கள்.

இரத்தத்தில் புரதத்தோடு சேர்ந்திருக்கும் அயோடினை அளந்துதான் அன்று தைராய்டு ஹார்மோனைக் கணித்தார்கள். அந்த அளவு மிக அதிகம். அப்படியானால் நெஞ்சு படபடக்க வேண்டும், உடல் இளைக்க வேண்டும். அந்த அறிகுறிகள் இல்லை. எலும்போ, ஹார்மோன் போதாத குழந்தையின் எலும்பைப் போல வளர்ச்சியில் பின்தங்கியிருந்தது.

சோதனைக்கூடத்துப் பிழை என்று தள்ளிவிடாமல், எண்ணையும் உடலையும் அவர்கள் சேர்த்தே நம்பினார்கள். ஹார்மோன் வருகிறது, உறுப்புகள் அதற்கு இணங்கவில்லை. கட்டுரையின் தலைப்பில் இதைத் துணிபாக அல்ல, 'இருக்கலாம்' என்றே வைத்தார்கள்.

அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி 1986இல் அடையாளம் காணப்பட்டது. அதன் இரு வகைகளில் ஒன்றான பீட்டா ஏற்பியின் மரபணுப் பிழை வேறொரு குடும்பத்தில் 1989இல் வெளிப்பட்டது. பெரும்பாலான குடும்பங்களில் ஒரு பிரதி பழுதானாலே போதும். பழுதான ஏற்பி நல்லதையும் வேலை செய்யவிடாது. முதல் குடும்பத்தின் விடை 1992இல் வந்தது. அந்தப் பிள்ளைகளிடம் பீட்டா ஏற்பிக்கான மரபணுப் பகுதி இரு பிரதிகளிலுமே இல்லை. செவியின் வளர்ச்சிக்கும் அதே ஏற்பி வேண்டும்.

ஹார்மோனுக்கு உறுப்புகள் இணங்காத இந்த நிலை ஏறக்குறைய 40,000 பிறப்பில் ஒருவருக்கு வருகிறது. தைராய்டு ஹார்மோன் கூடியிருந்தும், தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டி.எஸ்.எச். அடங்காமல் இருப்பதே முதல் தடயம். சோதனைப் பிழையும் பிட்யூட்டரிக் கட்டியும் இல்லையென்று உறுதிசெய்து, பெற்றோர், உடன்பிறந்தோர் இரத்தத்தையும் பார்த்து, மரபணுவைப் படிக்கிறார்கள். இந்த நிலையை அறியத் தவறித் தைராய்டுச் சுரப்பியை அழித்த மருத்துவர்கள் உண்டு. மந்தமான ஏற்பியை ஈடுகட்டி வந்த கூடுதல் ஹார்மோனும் அதோடு போய்விடும்.

மற்றொரு வகையான ஆல்பா ஏற்பியின் பழுது 2012இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வழியாக வெளிவந்தது. ஆறு வயதுச் சிறுமி. வளர்ச்சி குன்றியிருந்தாள், கடும் மலச்சிக்கல். இங்கே டி.எஸ்.எச். இயல்பு, மற்ற எண்களும் பெரிதாக விலகவில்லை; உடல்தான் முறையிட்டது. அறிக்கை சரியாக இருக்கிறது என்று அவளை அனுப்பிவிடாதவர்களும் அந்த 1967ஆம் ஆண்டு மூவரின் வழியில் வந்தவர்களே.