பிளக்கில் படிந்த ஈயம்

பிக்கப் என்றால் இப்போது பெரும்பாலும் டீசல் வண்டிதான். 1970-களில் அரசுத் துறை ஒன்றின் ஒர்க்‌ஷாப்பில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்களிடம் இருந்தவை ஜீப் இன்ஜின் பொருத்திய பெட்ரோல் பிக்கப்புகள். நாலு சிலிண்டர், நாலு ஸ்பார்க் பிளக். கட்டை விரல் நீளமே உள்ள அந்தப் பொருளுக்குள் ஒரு பெரிய சரித்திரம் இருப்பது, ஓய்வு பெற்றபின் உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது. அந்தக் காலத்து வண்டி ஓட்டியவர்களுக்கும் பின்னால் ஏறிப் போனவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் எழுதுகிறேன்.

பாரிஸில் 1860-ல் எத்தியேன் லெனுவார் தன் வாயு இன்ஜினில் மின்பொறியைப் பயன்படுத்தினார். நமக்குத் தெரிந்த வடிவத்துக்கு வழி திறந்தது 1902-ல். ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் பொறியாளர் கோட்லோப் ஹோனோல்ட், உயர் அழுத்த மின்சாரம் தரும் மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் சேர்த்துக் கொடுத்தார். அமெரிக்காவில் பேர் வாங்கியவர் ஆல்பர்ட் சாம்பியன். இவர் 1899-ல் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்த பிரெஞ்சுக்காரர். அவர் பெயரில் சாம்பியன் பிளக், அவருடைய முதலெழுத்துகளில் ஏ.சி. பிளக் என்று போட்டிக் கம்பெனிகள் இரண்டு உண்டாயின. நம் நாட்டில் பாஷின் கூட்டுறவோடு 1951-ல் தொடங்கிய மைக்கோ, பெங்களூரில் பிளக் தயாரித்தது. எங்கள் ஸ்டோரில் அடுக்கி வைத்திருந்தது பெரும்பாலும் அதுதான்.

பிளக் தேர்ந்தெடுப்பதில் மரை அளவும் மரையின் நீளமும் முதலில் பொருந்த வேண்டும். நீளம் அதிகமானால் பிஸ்டனில் இடிக்கும். அடுத்தது சூட்டு எண். மெதுவாக, சுமையில்லாமல் ஓடும் வண்டிக்குச் 'சூடான' பிளக் வேண்டும். அப்போதுதான் முனையில் படியும் கரி தானாக எரிந்து போகும். பாரம் ஏற்றி மேடு ஏறும் வண்டிக்கு வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும் 'குளிர்' பிளக். இதில் ஒரு வேடிக்கை: சாம்பியனில் எண் கூடினால் சூடான பிளக், என்.ஜி.கே.யில் எண் கூடினால் குளிர் பிளக். கம்பெனி மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் தலைகீழாகிவிடும். ஆகவே ஒப்பீட்டு அட்டவணை ஒன்று ஸ்டோர் சுவரில் எப்போதும் தொங்கும்.

மாட்டும் முறை பலருக்கும் ஞாபகம் இருக்கும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, வயர் மாறாமலிருக்க ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஃபீலர் கேஜ் வைத்து 30 தௌ, அதாவது முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி. கையாலேயே மரை ஏற்றி, வாஷர் படிந்தபின் புது பிளக்குக்கு ஸ்பேனரால் அரைச் சுற்று. அவ்வளவுதான்.

கழற்றிய பிளக்கைப் பார்த்தே இன்ஜினின் உடல்நிலையைச் சொல்லலாம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் தேய்ந்திருக்கிறது. பீங்கான் வெளுத்துக் கொப்பளித்திருந்தால் மிதமிஞ்சிய சூடு. இவற்றோடு இன்னொன்றும் அப்போது உண்டு: பீங்கான் மேல் கண்ணாடி பூசியதுபோல் மஞ்சள் படலம். சமதரையில் வண்டி ஒழுங்காக ஓடும். பாரத்தோடு மேடு ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங் வரும். அந்தப் படலம் சூடானால் மின்சாரத்தைக் கடத்தி, பொறியைத் திருடிவிடும். அதுதான் ஈயம்.

ஈயம் எப்படி பெட்ரோலுக்குள் வந்தது? இன்ஜின் 'நாக்கிங்' சத்தம் அந்தக் காலத்தின் பெரிய தலைவலி. அதற்கு மருந்தாக ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயக் கலவையைக் கண்டுபிடித்தார். 1923 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்து டேடன் நகரில் விற்பனைக்கு வந்தது. ஈயம் என்ற சொல்லே வராமல் 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். மறு வருஷம் அக்டோபரில், நியூ ஜெர்சியில் இதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் ஈய விஷத்தால் புத்தி பேதலித்து இறந்தார்கள். தொழில்நோய் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் போன்றோர் இது தெருவுக்கே ஆபத்து என்று எச்சரித்தார்கள். 1926-ல் அரசு அமைத்த குழு தடை செய்யக் காரணமில்லை என்று சொல்லிவிட்டது.

இங்கேதான் பிளக் வருகிறது. எத்தில் பெட்ரோல் போட்ட வண்டிகளில் பிளக்கும் வால்வும் ஈயம் படிந்து கெட்டன. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். கம்பெனிக்காரர்கள் அதற்கு உடனே வழி தேடினார்கள். பெட்ரோலில் எத்திலீன் டைபுரோமைடு சேர்த்தால், ஈயம் புரோமினோடு சேர்ந்து ஆவியாகி சைலன்சர் வழியே வெளியேறிவிடும். அதற்கான புரோமினைக் கடல் நீரிலிருந்து எடுக்க 1934-ல் வட கரோலினாக் கடற்கரையில் பெரிய ஆலையே கட்டினார்கள். எங்கள் பிளக்கில் படிந்தது வெளியேறாமல் தங்கிய கொஞ்சம்தான். மீதி ஈயம் தெருவில் நடப்பவர்களின் மூச்சுக்குப் போனது. பிளக்கைக் காப்பாற்ற யோசித்தவர்கள் மனிதர்களைப் பற்றி அந்த அளவுக்கு யோசிக்கவில்லை என்பதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

ஏனென்றால் எனக்குத் தெரிந்த கைகள் கண்முன் வருகின்றன. வெளியே இருந்த தனியார் ஒர்க்‌ஷாப்புகளில் பதினோரு, பன்னிரண்டு வயதுப் பையன்கள் எடுபிடியாக இருப்பார்கள். அவர்களுக்கு முதலில் தரும் வேலையே பிளக் சுத்தம் செய்வதுதான். வயர் பிரஷால் தேய்த்து, வாயால் ஊதி, பெட்ரோலில் கழுவி வைப்பார்கள். சாயங்காலம் கையில் ஒட்டிய கிரீஸ் போகவும் அதே பெட்ரோல்தான். பிறகு டீயும் பன்னும். டெட்ராஎத்தில் லெட் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். ஈயம் வளரும் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் கெடுக்கும். எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் இதைச் சொல்லும் பலகையை நான் பார்த்ததில்லை. 'இவனுக்கு ஞாபக மறதி, மந்தம்' என்று மேஸ்திரி குட்டிய பையன்களில் எத்தனை பேருக்கு அதில் ஈயத்தின் பங்கு இருந்ததோ!

ஈயத்துக்கு முடிவு வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இன்னொரு உதிரிபாகம். அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் வந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரை ஈயம் பாழாக்கிவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோல் அவசியமாயிற்று. நம் நாட்டில் 1995-ல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் அது கிடைத்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க அதுவே. 'வால்வ் சீட் தேய்ந்துவிடும்' என்று பழைய ஜீப் வைத்திருந்தவர்கள் கவலைப்பட்டார்கள். பிளக்குகள் மட்டும் முன்னைவிட அதிக நாள் உழைத்தன. மஞ்சள் படலம் காணாமல் போயிற்று. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. டேடனில் முதல் காலன் விற்று 98 வருஷம் கழித்து!

உங்கள் வீட்டுப் பரணிலோ ஷெட்டிலோ பழைய பிளக்குகள் ஒரு டப்பா நிறைய இருக்கலாம். தூக்கி எறிய நம் தலைமுறைக்கு மனசு வராது. பேரப்பிள்ளைகள் அதை எடுத்து விளையாடவோ, யாரும் தேய்த்து ஊதவோ விடாதீர்கள். பழைய பெட்ரோல் வண்டி இன்னும் வைத்திருப்பவர்கள் கையேட்டில் சொன்ன சூட்டு எண்ணில் புதுசாக நாலு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.