ஏழு ஆட்டங்கள் வரை

1997 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ., தன் முதல் சாம்பியனை ஒரே ஆட்டத்தில் தேர்ந்தெடுத்தது. ஹூஸ்டன் காமெட்ஸ் 65, நியூயார்க் லிபர்ட்டி 51. அந்நாட்டின் ஆண்கள் லீக்கோ 1947இல் நடந்த தன் முதல் இறுதித் தொடருக்கே ஏழு ஆட்டங்களை ஒதுக்கியிருந்தது; முதலில் நான்கை வெல்பவருக்குப் பட்டம். பெண்களுக்கு 1998இல் மூன்று ஆட்டங்கள், 2005இல் ஐந்து, 2025இல்தான் ஏழு. ஆண்கள் தொடங்கிய இடத்தை எட்டப் பெண்களின் லீக்குக்கு 28 ஆண்டுகள் தேவைப்பட்டன.

இந்த எண்ணிக்கையை வெறும் விதிமாற்றமாக நான் வாசிக்கவில்லை. தொடர் என்பது தோற்ற அணிக்குத் தரப்படும் இன்னொரு வாய்ப்பு, அரங்கமும் தொலைக்காட்சியும் ஒதுக்கும் நேரம், ஆடுபவர்களின் வேலைநாள். 1999 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தை ஹூஸ்டன் வென்றது. 1997இன் விதி நீடித்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். இரண்டாம் ஆட்டத்தின் கடைசி நொடியில் நியூயார்க்கின் தெரேசா வெதர்ஸ்பூன் களத்தின் நடுப்பகுதியிலிருந்து எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது, 68-67. மூன்றாம் ஆட்டத்தையும் பட்டத்தையும் ஹூஸ்டன்தான் எடுத்துக்கொண்டது. ஆனாலும் அந்த லீக்கின் வரலாற்றில் அதிகம் பேசப்படும் எறிதல்களில் ஒன்று வெதர்ஸ்பூனுடையது. அதற்கு இடம் கொடுத்தது தொடர்.

வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் ஷிஃப்ட் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கால் என்ன? இந்த விளையாட்டின் முக்கியமான ஓர் அத்தியாயம் அவரைப் போன்ற ஆலைத் தொழிலாளர்களால் எழுதப்பட்டது. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் ஹேன்ஸ் காலுறை ஆலை ஒரு பெண்கள் அணியை வைத்திருந்தது. ஆலையில் வேலை, அதன் பெயர் பொறித்த சீருடையில் ஆட்டம். 1951, 1952, 1953 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டம்; அந்தக் காலத்தில் 102 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 1954இல் நிறுவனம் அணியைக் கலைத்தது. வெற்றிகளை ஈட்டியவர்கள் பெண்கள்; அணி இருக்க வேண்டுமா என்று முடிவெடுத்தது நிறுவனம்.

அந்த ஆலை அணியிலும் கறுப்பினப் பெண்களுக்கு இடமில்லை. 1930களில் பிலடெல்பியாவில், ஒரு கறுப்பினச் செய்தித்தாள் நடத்திய அணியில் ஆடிய ஓரா வாஷிங்டன் அக்காலத்தின் மிகச் சிறந்த வீராங்கனைகளில் ஒருவர்; டென்னிஸிலும் சாம்பியன். பிழைப்புக்கு அவர் செய்தது வீட்டு வேலை. கூடைப்பந்தின் புகழ்மன்றம் அவர் பெயரைச் சேர்த்தது 2018இல், அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து.

ஆடுவதற்கே சம்பளம் என்று சொல்லி அமெரிக்காவின் முதல் பெண்கள் லீக் 1978 டிசம்பரில் தொடங்கியது. முதல் பட்டம் ஹூஸ்டன் ஏஞ்சல்ஸுக்கு. ஆனால் பல அணிகளில் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. கலிபோர்னியாவின் ஓர் அணி தன் வீராங்கனைகளை நடை, உடை, ஒப்பனை கற்றுக்கொள்ள அனுப்பியது. 1981 மார்ச்சில், சம்பள பாக்கிக்காக மினசோட்டா அணியின் பெண்கள் சிகாகோவில் ஆட மறுத்துக் களத்தைவிட்டு வெளியேறினார்கள். மூன்றே பருவங்களில் அந்த லீக் மூடப்பட்டது. சாம்பியன் பட்டியலில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. அந்த வெளிநடப்பு எந்தப் பட்டியலிலும் வராது. என் கணக்கில் அதுவும் இறுதிப்போட்டிதான்.

டபிள்யூ.என்.பி.ஏ. வீராங்கனைகள் 1998இலேயே சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அதனால் எல்லாம் உடனே மாறிவிடவில்லை. 2006இல் டெட்ராய்ட் அணி பட்டத்தைத் தீர்மானிக்கும் ஐந்தாம் ஆட்டத்தைத் தன் சொந்த அரங்கில் ஆட முடியவில்லை. அன்று அங்கே ஒரு பாடகியின் கச்சேரி. வேறு அரங்குக்குப் போய் ஆடி வென்றார்கள். முதல் நான்கு பட்டங்களையும் அடுத்தடுத்து வென்ற ஹூஸ்டன் காமெட்ஸ், வாங்க ஆளில்லாமல் 2008இல் கலைக்கப்பட்டது. நட்சத்திர வீராங்கனை டயானா டொராசிக்கு 2015இல் ஒரு ரஷ்ய அணி, அமெரிக்காவில் அந்தப் பருவம் ஆடாமல் ஓய்வெடுக்கவே, அங்கே கிடைத்ததைவிட அதிகப் பணம் கொடுத்தது.

2020 ஜனவரியில் சங்கம் பேரம் பேசிப் பெற்ற ஒப்பந்தத்தில்தான் மகப்பேறு காலத்துக்கு முழுச் சம்பளம் வந்தது. 2025 ஜூலையில், நட்சத்திர ஆட்டத்துக்கு முன்னான பயிற்சியின்போது, எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள் என்று கேட்கும் சட்டையை வீராங்கனைகள் அணிந்து நின்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஏழு ஆட்டங்களுக்கான முதல் இறுதித் தொடரை லாஸ் வேகஸ் ஏசஸ் நான்கே ஆட்டங்களில் முடித்தது.

இந்தியாவில் கதை வேறு வழியில் போனது. இங்கே கூடைப்பந்து ஆடும் பெண்ணுக்குத் தொழில் என்றால் அரசு வேலை. தேசியப் போட்டிகளில் பல பத்தாண்டுகளாக ரயில்வே பெண்கள் அணி ஓங்கி நின்றதற்குக் காரணம், மாதச் சம்பளமும் பயிற்சிக்கான நேரமும் அங்கே இருந்தன என்பதுதான். தெற்கு ரயில்வேயின் கீது அன்னா ஜோஸ் 2011இல் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்கு அழைக்கப்பட்ட முதல் இந்தியப் பெண். சென்னையின் அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வேதான். 2017இல் பெங்களூருவில் அவர் இடம்பெற்ற இந்திய அணி, கஜகஸ்தானை 75-73 என்று வென்று ஆசியக் கோப்பையின் பி பிரிவுப் பட்டத்தைப் பெற்றது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ. ஆனால் 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. தொழில்முறை லீக் ஆண்களுக்கானது. சென்னையின் பெயரில் அதில் ஓர் அணி இருந்தது. அனிதாவுக்கு அதில் இடமில்லை.

வல்லக்கோட்டைக்கு அருகே வல்லம் வடகாலில், 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஒரு வரலாறும் இந்தப் பகுதிக்கு உண்டு. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் நோயுற்றபோது, கைபேசி ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதிகளின் நிலை அதன்பிறகுதான் அரசின் காதில் விழுந்தது.

பள்ளி அணியில் கபடியோ கூடைப்பந்தோ ஆடிவிட்டு, பதினெட்டு வயதில் இங்கே வேலைக்கு வந்து விளையாட்டை நிறுத்திக்கொண்ட பெண்கள் அந்த விடுதிகளில் இருப்பார்கள். ஆலை தன் பெயரில் ஓர் அணி அமைத்தால் நல்லதுதான். ஆனால் ஹேன்ஸ் பெண்களுக்கு நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்: ஷிஃப்ட் நேரத்தில் பயிற்சிக்கு இடம் உண்டா, காயம்பட்டால் சம்பளம் உண்டா, அணியைக் கலைப்பது பற்றி ஆடுகிறவர்களிடம் கேட்பார்களா? இவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு பந்தை எடுக்கலாம்.