ஒருங்கிணைந்த தரவு மைய உட்கட்டமைப்பு: வரலாறும் தேர்வு முறையும்

ஒருங்கிணைந்த தரவு மைய உட்கட்டமைப்பு என்பது, ஒரு தரவு மையத்துக்குத் தேவையான வழங்கிகள், தரவுச் சேமிப்பகம், வலையமைப்புக் கருவிகள், இவற்றை ஆளும் மென்பொருள் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கிப் பொருத்தாமல், ஒன்றோடொன்று இணங்குமாறு முன்பே சோதிக்கப்பட்ட ஒரே தொகுப்பாகப் பெறும் முறையாகும். இன்றைய வடிவில் இம்முறை 2009ஆம் ஆண்டையொட்டிச் சந்தைக்கு வந்தது. வங்கிகள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், அரசுத் துறைகள் எனப் பல இடங்களில் இது பயன்படுகிறது.

இதன் வரலாறு, பாகங்களைப் பொருத்தும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியின் வரலாறும் ஆகும். அப்பொறுப்பை விற்பவரிடம் ஒப்படைத்தவர்களுக்கு நேரமும் உழைப்பும் மிச்சமாயின. ஆனால், விற்பவர்களுக்கு இடையிலான கூட்டு கலைந்தபோது அதன் விளைவும் அவர்களையே வந்தடைந்தது. எனவே, தொகுப்பைத் தேர்ந்தெடுப்பவர் அதிலிருந்து வெளியேறும் வழியையும் வாங்கும்போதே அறிந்திருக்க வேண்டும்.

ஒரே நிறுவனத்தின் காலம்

பெருங்கணினிகளின் காலத்தில் பொருத்தும் சிக்கல் வாங்குபவருக்குப் பெரும்பாலும் இல்லை. 1964 ஏப்ரல் 7 அன்று ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம் 360 என்னும் கணினி வரிசையை அறிவித்தது. சிறியது முதல் பெரியது வரை பல மாதிரிகள் அவ்வரிசையில் இருந்தன. ஒரு மாதிரிக்காக எழுதிய நிரலை மற்றொன்றிலும் இயக்க முடிந்தது. கணினி, வட்டு, நாடா, அச்சுப்பொறி, இயங்குதளம், பழுதுபார்க்கும் பொறியாளர் அனைத்தும் ஒரே இடத்திலிருந்து வந்தன. விலையை முடிவு செய்யும் வலிமையும் அந்த ஒரே இடத்தில் இருந்தது.

1969 ஜூன் 23 அன்று, மென்பொருளுக்கும் பொறியியல் சேவைகளுக்கும் தனி விலை வைக்கப்போவதாக ஐ.பி.எம். அறிவித்தது. அதற்கு முன் அவை பெரும்பாலும் வன்பொருள் கட்டணத்திலேயே அடங்கியிருந்தன. இவ்வறிவிப்பு தனி மென்பொருள் நிறுவனங்கள் வளர வழிவகுத்தது. அக்காலத்திலேயே, ஐ.பி.எம். கணினிகளுடன் பொருந்தும் வட்டுகளையும் நாடாக் கருவிகளையும் வேறு நிறுவனங்கள் குறைந்த விலையில் விற்றன.

பாகங்கள் பிரிந்த காலம்

1990களில் இன்டெல் வகை நுண்செயலி கொண்ட விலை குறைந்த வழங்கிகள் பரவின. மின்னஞ்சலுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, இணையதளத்துக்கு ஒன்று என ஒவ்வொரு பணிக்கும் ஒரு வழங்கி வைப்பது வழக்கமானது. 1994இல் ஃபைபர் சேனல் தொழில்நுட்பம் அமெரிக்கத் தரநிலையாக ஏற்கப்பட்டது. அதன்பின் வட்டுகளை வழங்கிகளிலிருந்து பிரித்துத் தனிச் சேமிப்பக வலையமைப்பில் வைக்கும் முறை வளர்ந்தது.

இதனால் வழங்கி ஒரு நிறுவனத்திடமும், சேமிப்பகம் மற்றொன்றிடமும், வலையமைப்புக் கருவி வேறொன்றிடமும் வாங்கப்பட்டன. மூன்றையும் பார்த்துக்கொள்ள அலுவலகத்தில் மூன்று குழுக்கள் உருவாயின. வீடு கட்டுபவர் கொத்தனார், குழாய்ப் பணியாளர், மின்பணியாளர் மூவரையும் தனித்தனியே அமர்த்துவதை இதற்கு ஒப்பிடலாம். சுவரில் ஈரம் கசிந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். தரவு மையத்திலும் அதுவே நடந்தது. ஒரு பயன்பாடு மந்தமானால் காரணம் வட்டா, வடமா, வழங்கியா என்று கண்டறியவே நாள்கள் கழிந்தன.

மெய்நிகராக்கம் ஏற்படுத்திய தேவை

1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம், 2001இல் வழங்கிகளுக்கான மெய்நிகராக்க மென்பொருளை வெளியிட்டது. ஒரு வழங்கியைப் பல மெய்நிகர் வழங்கிகளாகப் பிரித்துப் பயன்படுத்த இது உதவியது. 2003இல், இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர் வழங்கியை நிறுத்தாமலேயே வேறொரு வழங்கிக்கு மாற்றும் வசதியையும் அது அளித்தது. சேமிப்பகத் துறையில் முன்னணியில் இருந்த ஈ.எம்.சி. நிறுவனம், 2004 ஜனவரியில் சுமார் 63.5 கோடி டாலருக்கு விஎம்வேரைக் கையகப்படுத்தியது.

இயங்கும் வழங்கியை இடம் மாற்றுவதற்கு, இரு வழங்கிகளும் ஒரே சேமிப்பகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இடையிலுள்ள வலையமைப்பும் விரைவாகவும் ஒரே அமைப்பிலும் இருக்க வேண்டியிருந்தது. இதனால் அதுவரை தனித்தனியே இயங்கிய மூன்று குழுக்களின் வேலையும் பின்னிக்கொண்டது. தொகுப்பாக விற்கும் எண்ணம் இந்தத் தேவையிலிருந்தே வலுப்பெற்றது.

2009: தொகுப்புகளின் வருகை

வலையமைப்புக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற சிஸ்கோ நிறுவனம், 2009 மார்ச் 16 அன்று யூ.சி.எஸ். என்னும் வழங்கித் தொகுதியை அறிவித்தது. வழக்கமான தரவும் சேமிப்பகத் தரவும் அதில் ஒரே ஈதர்நெட் வடத்தில் சென்றன. வழங்கியின் அடையாள எண்களும் அமைப்புகளும் மென்பொருளில் ஒரு விவரத் தொகுப்பாக வைக்கப்பட்டன. ஒரு வழங்கி பழுதானால், வேறொன்றைச் செருகி அதே விவரத் தொகுப்பை அதற்கு அளித்தால் போதும்.

2009 நவம்பர் 3 அன்று சிஸ்கோ, ஈ.எம்.சி., விஎம்வேர் ஆகிய மூன்றும் வி.சி.இ. என்னும் கூட்டணியை அறிவித்தன. அதன் தொகுப்பு விபிளாக் எனப்பட்டது. 2010இல் சிஸ்கோவும் நெட்ஆப் நிறுவனமும் ஃபிளெக்ஸ்பாட் என்னும் மாற்று வழியை முன்வைத்தன. விபிளாக் ஆலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. ஃபிளெக்ஸ்பாட், சோதித்து வெளியிடப்பட்ட வடிவமைப்பின்படி விற்பனைப் பங்காளர்களால் அமைக்கப்பட்டது. முதலாவதில் வேகம் அதிகம். இரண்டாவதில் பாகங்களை மாற்றும் இடம் அதிகம். 2012 ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனமும் பியூர்சிஸ்டம்ஸ் என்னும் வரிசையுடன் இச்சந்தைக்கு வந்தது.

மீயொருங்கிணைந்த முறை

2009இல் தொடங்கப்பட்ட நியூட்டானிக்ஸ் நிறுவனம், 2011 முதல் வேறொரு முறையை விற்றது. இதில் தனிச் சேமிப்பகப் பெட்டி இல்லை. ஒவ்வொரு வழங்கியிலும் உள்ள வட்டுகளை மென்பொருள் ஒன்றிணைத்துப் பொதுச் சேமிப்பகமாக்குகிறது. இடம் போதாவிட்டால் இன்னொரு வழங்கியைச் சேர்த்தால் போதும். இது மீயொருங்கிணைந்த உட்கட்டமைப்பு எனப்படுகிறது. விஎம்வேர் 2014இல் இதே வகை மென்பொருளை வெளியிட்டது. சிஸ்கோ 2016இல் ஹைப்பர்ஃபிளெக்ஸ் தொகுப்பைக் கொண்டுவந்தது.

கூட்டணிகளின் மாற்றம்

யூ.சி.எஸ். வந்தபின் சிஸ்கோவும் வழங்கி விற்பனையில் முன்னணியில் இருந்த எச்.பி. நிறுவனமும் போட்டியாளர்களாயின. 2010 ஏப்ரல் இறுதியில் அவற்றின் பங்காளர் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. 2014 அக்டோபரில் ஐ.பி.எம். தன் இன்டெல் வகை வழங்கித் தொழிலை லெனோவோவுக்கு விற்றது. அதே மாதம், வி.சி.இ. நிறுவனத்தில் சிஸ்கோவின் பங்கு குறைக்கப்பட்டு, அது ஈ.எம்.சி.யின் பிரிவாவதாக அறிவிக்கப்பட்டது. 2016 செப்டம்பர் 7 அன்று டெல் நிறுவனம் ஈ.எம்.சி.யை வாங்கி முடித்தது. இதனால், சிஸ்கோவின் வழங்கிகளைக் கொண்ட தொகுப்பு, வழங்கி விற்பனையில் சிஸ்கோவின் போட்டியாளரிடம் சேர்ந்தது.

2023 செப்டம்பரில் சிஸ்கோ ஹைப்பர்ஃபிளெக்ஸ் விற்பனையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2023 நவம்பர் 22 அன்று பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டுச் சந்தா முறை மட்டும் வைக்கப்பட்டது. வன்பொருள் நன்றாக இயங்கினாலும், மென்பொருளின் உரிமையாளர் மாறினால் செலவுக் கணக்கும் மாறும் என்பதைப் பல நிறுவனங்கள் அப்போது உணர்ந்தன.

தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியவை

முதலில், இப்போதுள்ள பணிகளை அளக்க வேண்டும். எத்தனை மெய்நிகர் வழங்கிகள், எவ்வளவு நினைவகம், எவ்வளவு தரவு, உச்ச நேரத்தில் வட்டின் வேலை எவ்வளவு என்பவற்றை ஒரு மாதமாவது பதிந்து பார்ப்பது நல்லது. மாத இறுதிக் கணக்கு முடிக்கும் நாள்கள் அதில் அடங்க வேண்டும்.

அடுத்து, வளர்ச்சி எதில் வரும் என்று பார்க்க வேண்டும். தரவு மட்டும் பெருகி, கணிப்புத் திறனின் தேவை பெருகாத இடத்தில், சேமிப்பகம் தனியாக உள்ள ஒருங்கிணைந்த தொகுப்பே சிக்கனமானது. இரண்டும் சேர்ந்து வளரும் இடத்துக்கும் சிறு கிளைகளுக்கும் மீயொருங்கிணைந்த முறை ஏற்றது.

விற்பனைத் தாளில் உள்ள கொள்ளளவு முழுவதும் பயனுக்கு வராது. எடுத்துக்காட்டாக, 4 வழங்கிகளில் தலா 20 டெராபைட் இருந்தால் மொத்தம் 80 டெராபைட். ஒரு வழங்கி பழுதாகும் நாளுக்காக 20 ஒதுக்கினால் மீதி 60. ஒவ்வொரு தரவும் இரு பிரதிகளாக வைக்கப்பட்டால் பயனுக்கு வருவது 30 டெராபைட் மட்டுமே.

ஒப்பந்தத்தில் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை இருக்க வேண்டும். பழுது எந்தப் பாகத்தில் இருந்தாலும் முழுப் பொறுப்பை ஏற்பவர் யார்? பராமரிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு, என்ன கட்டணத்தில்? மென்பொருள் உரிமத்தை வேறு வன்பொருளுக்கு மாற்றலாமா? வெளியேறும்போது தரவை எந்த வடிவில் எடுத்துச் செல்லலாம்?

நிறுவும்போது பார்க்க வேண்டியவை

தொகுப்பு வந்து இறங்கும் முன் அறை தயாராக இருக்க வேண்டும். அடர்த்தியாக நிரப்பிய அடுக்குச் சட்டகத்தின் எடையைத் தளம் தாங்குமா, கதவிலும் மின்தூக்கியிலும் அது நுழையுமா என்று அளந்து பார்க்க வேண்டும். சட்டகம் எடுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளிவரும். 10 கிலோவாட் எடுக்கும் சட்டகத்துக்கு மட்டும் சுமார் 3 டன் குளிரூட்டும் திறன் வேண்டும். இரு தனித்தனி மின்வழிகளும் தேவை.

நிறுவியபின், பணிகளை ஏற்றும் முன்பே பழுதுகளைச் செயற்கையாக உண்டாக்கிச் சோதிக்க வேண்டும். ஒரு வட்டை உருவுதல், ஒரு வடத்தைக் கழற்றுதல், ஒரு வழங்கியை நிறுத்துதல், ஒரு மின்வழியைத் துண்டித்தல் ஆகிய ஒவ்வொன்றிலும் பணி தொடர்கிறதா என்று பதிவு செய்யலாம். முக்கியம் குறைந்த பணிகளை முதலில் மாற்றி, முதன்மையான தரவுத்தளங்களைக் கடைசியில் மாற்றுவது நன்று. பழைய கருவிகளைச் சில வாரங்களாவது வைத்திருப்பது பாதுகாப்பு.

தொகுப்புக்குள் இருக்கும் இரு பிரதிகள் காப்புப்பிரதி ஆகா. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அழியும். எனவே காப்புப்பிரதி வேறு கருவியில், கூடுமானால் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்து தரவை வேறு நிறுவனத்தின் வழங்கியில் மீட்டுப் பார்க்கும் ஒத்திகையை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்தலாம். காப்புப்பிரதி பயன்படுகிறதா என்பதை அது காட்டும். இத்தொகுப்பை விட்டு வெளியேற எவ்வளவு நாளாகும் என்பதும் அதே ஒத்திகையில் தெரிந்துவிடும்.